பிஸ்தா பச்சை

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ராக்கெட்.
கறுப்பு. வைர வடிவம். முகமெல்லாம் கார்பன்.
தலை கனத்தது.
ஏவினால் சரகோசாவிலிருந்து கிளம்பி
எப்ரோ ஆற்றைத் தாண்டி
யார் வீட்டுக் கூரையிலோ விழும் போலிருந்தது.
எனக்கு வேண்டியது மட்டை, என்றேன்.

எப்படி ஆடுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை.
'பால் டப்பாவை எந்தக் கையால் தூக்குகிறீர்கள்?'
இடது, என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
நான் வலக்கைக்காரி.

ஒப்துலியாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.
மூன்று வருடமாக வியாழன் இரவுகளில்
கண்ணாடிக் கூண்டுக்குள் அவளுக்கு வலப்பக்கம் நிற்கிறேன்.
அவள் அடிப்பாள்.
அவள் அடித்ததற்குப் பழிவாங்க வரும் பந்துகளை
நான் திருப்பி அனுப்புவேன்.
போன கிறிஸ்துமஸுக்கு அவளுடையதைப் போலவே ஒன்று வாங்கினேன்,
வாங்கினால் அவளைப் போலவே அடிக்க வருமென்று.
விளிம்பில் பந்து பட்ட ஒவ்வொரு முறையும்
முழங்கையில் யாரோ ஆணி வைத்துத் தட்டினார்கள்.
ஜனவரியில் ஐஸ். பிப்ரவரியில் பட்டி.
மார்ச்சில் பொய்.

சுவர் நிறைய மட்டைகள்.
நரம்பில்லாமல், துளை துளையாக,
சல்லிக்கரண்டிக்கு அண்ணன்மார்.
அவர் வட்டமான ஒன்றை நீட்டினார்.
கண்ணாடியிழை முகம், உள்ளே மெத்தென்ற நுரை.
எடை தலைக்கு ஏறாமல்
கைப்பிடிப் பக்கம் இறங்கி உட்கார்ந்திருந்தது,
சாப்பிட்டு முடித்த பூனை மாதிரி.
'நடுவில் எங்கே பட்டாலும் மன்னித்துவிடும்.'
நடுவைத் தவறவிட்டால்?
'அப்போதும் கத்தாது.'

நிறம்தான் கொடுமை.
பிஸ்தா பச்சையில் ஆரஞ்சுக் கோடு.
போன வருடத்து மாடல், யாரும் தொடவில்லை, அதனால்தான் விலை குறைவு.
முழங்கையைக் கேட்டேன்.
நிறத்தைப் பற்றி அதற்குக் கருத்தில்லை.

கைப்பிடி மெலிசு. மேலே ஒரு சுற்று நாடா,
பிறகு இன்னொன்று,
விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில்
மற்றக் கையின் சுண்டுவிரல் நுழையும் வரை.
கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தேன்.
டிராமின் நெம்புகோல் ஞாபகம் வந்தது.

நான் ஓட்டுவது டிராம்.
வேகம் யார் கைக்கும் வரும், அது மின்சாரத்தின் வேலை.
இரண்டு கையிலும் பையோடு நிற்கிறவள்,
பிடியை விட்டுவிட்டு ஃபோனைத் தேடுகிறவன்,
இவர்கள் ஓரடிகூடத் தள்ளாடாமல்
நிறுத்தத்தில் நிறுத்துகிறேனே,
அதற்குத்தான் சம்பளம்.
பதினேழு வருடமாகக் கைக்குத் தெரிந்தது
கடைக்குப் போனால் மட்டும் எங்கே போகிறது?

வியாழன்.
எங்கள் ஊர்க் காற்றுக்குப் பெயருண்டு, சியெர்சோ.
அன்று கூண்டின் கம்பிவலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
முதல் ஆறு பந்தும் வலையோடு சரி.
'தலையணையா வாங்கினாய்?' என்றாள் ஒப்துலியா.
உண்மைதான்.
பழையது சும்மா கொடுத்த தூரத்தை
இதில் நான் கால் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.
முட்டியை மடக்கி,
பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வரை காத்திருந்து,
காத்திருந்து,
இடுப்பளவில் வந்ததும்
ஒரு தட்டை நகர்த்துவதுபோல் நகர்த்தி.

இரண்டு செட்டும் போயிற்று.
நடுவே ஒரே ஒரு புள்ளி:
தலைக்கு மேல் தூக்கிப் போட்டேன், பதினோரு முறை,
ஒன்றுபோல், மூலையில்.
எதிரே நின்ற வங்கிக்காரர்கள் இருவரும் அண்ணாந்தே
கழுத்தைத் தடவிக்கொண்டார்கள்.
பன்னிரண்டாவதைக் காற்று கொண்டுபோய்விட்டது.
அந்தப் புள்ளியும் அவர்களுக்கே.

காரில் ஒப்துலியா பேசவில்லை.
பாலத்தைத் தாண்டியதும்
வலது தோளை இடது கையால் அழுத்தியபடி
சாலையைப் பார்த்துச் சொன்னாள்:
'அதை ஒரு நாள் கொடு.'

கொடுக்க மாட்டேன், என்றேன்.
கடையில் இன்னொன்று இருக்கிறது.
அதே பச்சை.