வாய் படாமல்

குருசுக்குப்பத்தில் மாடி வீடு. குளியலறைக் குழாயில்
உப்புப் பூத்து மரை இறுகிவிட்டது.
கடலோர வீடுகளில் என் பிழைப்பே உப்புதான்:
அது அடைக்கும், நான் சுரண்டுவேன்,
ஆறு மாதத்தில் மறுபடி கூப்பிடுவார்கள்.

வியர்வை கண்ணில் இறங்குவதைப் பார்த்து
பிலார் என்கிற அந்த ஸ்பெயின்காரி
இரண்டு ஜாடிகளைத் தூக்கி வந்தாள்.

ஒன்றில் நீலமும் பச்சையுமாய்
மாதுளம்பழம் வெடித்திருந்தது.
கிரானடாவில் செய்ததாம். ஊர்ப் பெயரே மாதுளைதானாம்.
தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு.
"இது அலமாரிக்கு" என்றாள்,
பாதி இங்கிலீஷிலும் மீதி கையிலுமாக.

மற்றது வெறும் வெள்ளை மண்.
பூ இல்லை, பூச்சு இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து
மேசையில் ஈர வட்டம் போட்டிருந்தது.

செல்போனில் படம் காட்டினாள்:
ஓர் ஊரில் கரி போலக் கருப்பு,
ஓர் ஊரில் சிவப்பு மண்ணில் வெள்ளைக் கல் பதித்தது,
எந்த ஊரோ, சேவலாகவே வனைந்தது.
இவளுடையது அகோஸ்த். அங்கே
மண் பிசையும்போதே உப்புச் சேர்ப்பார்களாம்.
சுட்டபின் கண்ணுக்குத் தெரியாத துளைகள்,
அதன்வழி கசிவு, கசிவில் குளிர்ச்சி.

உப்பா?
ரெஞ்சைக் கீழே வைத்தேன்.
என் குழாயை அடைக்கிற சனியன்
அங்கே போய் வழி திறந்துவிடுகிறது.

இரண்டு மூக்கு. பெரியது நிரப்ப, சிறியது குடிக்க.
குடிக்கையில் பெரியதன் வழியே காற்று இறங்கும்.
ஏர் வால்வு!
யாரோ நம்ம தொழில்காரன்தான் யோசித்திருக்கிறான்.

வாங்கி அண்ணாந்தேன்.
முழ உயரத்திலிருந்து நூலாய் இறங்கி
நேரே தொண்டைக்கு. ஒரு சொட்டு சிந்தவில்லை.
கைதட்டிவிட்டாள்.
வெளியூர்க்காரர்கள் சட்டையெல்லாம் நனைப்பார்களாம்,
உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

அவள் ஊரில் அறுப்பு வயலில்
ஒரே ஜாடி கைமாறிக்கொண்டே போகுமாம்.
எல்லாருக்கும் அது ஒன்றுதான் என்பதால்
யாரும் வாய் வைக்கமாட்டார்களாம்.

யார் கற்றுக்கொடுத்தது?
தெருத்தெருவாய்ப் பெயர் சொல்லவேண்டியிருக்கும்.
இன்று காலை லாஸ்பேட்டையில் ஒரு அம்மா பாட்டிலை நீட்டினாள்.
அண்ணாந்துதான் குடித்தேன். அப்படியும்
"நீயே வச்சுக்கப்பா" என்றாள்.

"பழக்கம்" என்றேன்.
அந்த வார்த்தை பிடித்துப்போய்
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்: பளக்கம், பளக்கம்.
பிறகு அவளும் அண்ணாந்தாள். நடுவில் சிரித்துவிட்டதில்
கழுத்தெல்லாம் தண்ணீர்.

வாஷர் நாற்பது, கூலி முந்நூறு.
டேப் சுருளை அங்கேயே விட்டுவிட்டேன்,
வண்டியைக் கிளப்பியபின் ஞாபகம் வந்தது.
நாளைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம்,
தாகம் எடுக்கிற நேரமாகப் பார்த்து.