ஈரக் கழிவு

சேலத்தில் மூன்று நாள் தியானம்.
"உன் அழைப்பு என்னவென்று ஆண்டவரைக் கேள்" என்றார்கள்.
கேட்டேன்.
மலைப் பேருந்தில் ஏறி
இருபது கொண்டை ஊசி வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தேன்.
பதிமூன்றாவதில் முன்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது,
என் துண்டைக் கொடுத்தேன்.
வேறொன்றும் நடக்கவில்லை.
மறுநாள் ஆறரைக்கு எஸ்டேட் மணி அடித்தது,
போய்விட்டேன்.

நான் எடை ரைட்டர்.
நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டம்.
ஸ்டோர் வாசலில், உத்திரத்துக் கொக்கியில்,
வட்ட முகத் தராசு தொங்கும்.
மார்கழியில் பழம் சிவந்துவிட்டால்
நாலு மணிக்கு மூட்டைகள் வரிசையாக வரும்,
சருகும் முசுறு எறும்பும் ஒட்டிக்கொண்டு.
முள்ளைப் பார்ப்பேன். நோட்டில் எழுதுவேன்.
நாற்பது என்றால் முப்பத்தெட்டு.
அந்த இரண்டுக்கு ஈரக் கழிவு என்று பெயர்.
வெயில் காய்ந்த நாளிலும்
அதே பெயர்தான்.

பதினோரு வருஷம்.
பதினோரு வருஷமும் ஞாயிறு முதல் பூசை தவறியதில்லை,
இரண்டாம் வரிசை, தூண் ஓரம்.
பாவசங்கீர்த்தனத்தில்
கோபத்தைச் சொல்லியிருக்கிறேன்,
கிறிஸ்துமஸுக்குக் குடித்ததைச் சொல்லியிருக்கிறேன்,
தம்பியோடு பேசாததையும்.
ஈரக் கழிவைச் சொல்லத் தோன்றவே இல்லை.
அது பாவமா என்ன? கணக்கு.

அன்றைக்கு வெள்ளச்சிதான் முதல் ஆள்.
தலைமூட்டையை இறக்காமலே சொன்னாள்:
"வழியில ரேஷன் கடைத் தராசுல
வச்சுப் பாத்துட்டுதான் வாரேன்.
நாப்பத்தொண்ணு."
சண்டைக்குச் சொல்லவில்லை.
பஸ் போயிடுச்சு என்பதுபோலச் சொன்னாள்.

கொக்கியில் மாட்டினேன்.
முள் ஆடி ஆடி நாற்பத்தொன்றில் நின்றது.
அவள் முள்ளைப் பார்க்கவில்லை,
என் பேனாவைப் பார்த்தாள்.

தராசில் இருப்பதும் முள்.
பெரிய வெள்ளியன்று முத்தமிடக் குனிகையில்
சொரூபத்தின் நெற்றியில் இருப்பதும் முள்.
பதினோரு வருஷத்தில்
இரண்டும் ஒரே சொல் என்று கவனித்ததில்லை.

நாற்பத்தொன்று எழுதினேன்.
பின்னால் நின்ற பதினேழு பேருக்கும்
முள் காட்டியதையே எழுதினேன்.
கை நடுங்கியதைப்
பனி என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை முதலாளியின் மருமகன் நோட்டைப் புரட்டினார்.
"எடை ஏறியிருக்கே, பழம் ஏறலியே?"
நியாயம் பேசத் தைரியம் வரவில்லை.
"தராச சரி பண்ணேன் சார்" என்றேன்.
அது பொய்யா உண்மையா, இன்னும் தெரியாது.
துண்டு விழுந்ததை என் சம்பளத்தில் எழுதிக்கொண்டார்.
மெட்டில்டா தட்டைச் சத்தமாக வைத்தாள்:
"பையன் ஃபீஸ எந்த மூட்டையில கழிக்கப் போற?"
பதில் இல்லை.
ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் சாட்சி சொல்லலாம்,
மைக்கைப் பிடித்து, அல்லேலூயாவோடு.
முடியவில்லை.
மூன்றாம் வாரம் அரைக் கிலோ கழித்தேன்,
எல்லோருக்கும்.
அன்றிரவு எழுந்து உட்கார்ந்திருந்தேன்.
இரண்டு கிலோவுக்கே நன்றாகத் தூங்கியவன்.

அடுத்த நாள் அந்த அரையைச் சேர்த்து எழுதினேன்.
வெள்ளச்சி கவனித்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
சாக்கை உதறி மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

குளிரில் ஸ்பிரிங் இறுகுமோ என்னவோ,
காலையில் போனால் வெறும் தராசு
ஒன்று காட்டும், ஒன்றரை காட்டும்,
எதையும் மாட்டாமலே.
அடியில் ஒரு திருகாணி உண்டு.
ஆட்கள் வருமுன் சிலுவை போட்டுக்கொண்டு
அதைத் திருகுகிறேன்.
கொஞ்சம் இந்தப் பக்கம்.
இல்லை, கொஞ்சம் அந்தப் பக்கம்.
பூஜ்யத்தில் நிற்கிறது.
நாளைக்கு மறுபடி விலகியிருக்கும்.