பதினெட்டாவது முளை

மார்ச் மாதச் சேற்றில்
பதினெட்டு வீடுகளுக்கு முளையடித்தோம்,
ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நாடா கட்டி.
கில்ட்ரோமனுக்குக் கிழக்கே, கால்பந்துத் திடலை ஒட்டி,
கோரை மண்டிய கவுன்சில் நிலம்.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று
டப்ளினிலிருந்து மானியக் கடிதம் வந்திருந்தது.
அதில் முத்திரை இருந்தது, தொகை இருந்தது,
இதற்குமேல் இல்லை என்பதும் இருந்தது.

ஒப்பந்தப்புள்ளி உறையை நான்தான் பிரித்தேன்.
அளவுக் கணக்கர் ஃபின்பார் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி பார்த்தார்.
எண் மாறவில்லை.

ஏப்ரல் முழுக்க
பென்சிலால் வீடுகளை இடித்தோம்.
முதலில் வாசலுக்கு மேலிருந்த சின்னக் கூரை போனது:
சாவி தேடுகிறவர் நனையட்டும்.
சன்னல்கள் ஒரு முழம் குறுகின.
மாடிக் குளியலறை கீழே இறங்கிப்
படிக்கட்டுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டது.
அலமாரிகளும் போயின.
ஆணி வேண்டுமானால் தரலாம் என்றார் ஃபின்பார்.
சிரிக்கவில்லை.

பதினெட்டு பதினைந்தானது.
மானியத்தைக் கூட்டச் சொல்லி எழுதினோம்.
கூட்டினார்கள். பொய் சொல்லக்கூடாது, கூட்டினார்கள்.
மானியம் சாண் ஏறிய அதே வாரம்
மரமும் கம்பியும் முழம் ஏறின.
பன்னிரண்டு.

பட்டியலில் பதின்மூன்றாவது பெயர்
யூனா மெக்கெட்ரிக்.
ஓட்டலின் ஏழாம் அறையில், மூன்று பிள்ளைகளோடு,
இரண்டாவது குளிர்காலத்தைக் கழித்தவள்.
கெட்டிலில் முட்டை அவிப்பவள்.
வியாழக்கிழமைதோறும் கவுன்ட்டருக்கு வருவாள்,
ஒன்றும் கேட்கமாட்டாள்.
சுவரில் ஒட்டிய வரைபடத்தின் முன் நின்று
விரலால் கதவைத் திறப்பாள்,
சமையலறை வரை போவாள்,
திரும்பிவிடுவாள்.

பன்னிரண்டுதான் என்று நான் சொன்ன அன்று மட்டும் கேட்டாள்:
"சன்னல்களைக் குறைத்தீர்களே,
அந்த வெளிச்சமெல்லாம் எங்கே போயிற்று?"
எந்தப் படிவத்திலும்
அதற்குக் கட்டம் இல்லை.

ஜூனில் ஒப்பந்தக்காரரின் ஆள் எண்ணிவிட்டு வந்தான்:
முளை பதினேழுதான் இருக்கிறது.
பையன்கள் கோல் கம்பத்துக்குப் பிடுங்கியிருப்பார்கள் என்று
எழுதி, கோப்பை மூடினோம்.

வேறு கையெழுத்துக்காக ஓட்டலுக்குப் போனபோது
கண்டேன். ஏழாம் அறையில்,
சன்னலோரம் சாய்த்து வைத்திருந்தது,
நாடா அவிழ்க்காமல்.
அதன் தலையில் ஒரு சின்னக் காலுறை
காய்ந்துகொண்டிருந்தது.

அரசாங்கச் சொத்து.
மதிப்பு இரண்டு யூரோ நாற்பது சென்ட்.
அது மார்ச் விலை.
இன்றைய விலையை
நான் விசாரிக்கவில்லை.