நாற்பத்தொரு தாள்கள்

எங்களுக்கு அக்ரிமென்ட் எதுவும் கிடையாது.
மாதம் ஐந்தாம் தேதி பணத்தை எண்ணி வாங்கியதும்
ஹவுஸ் ஓனர் ஏகாம்பரம்
தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதித் தருவார்:
‘வாடகை பெற்றேன். ரூ. 6,500.’
கீழே, சிக்கிய நூல்கண்டு போல ஒரு கையெழுத்து.

கொரட்டூரில் இரண்டாவது மாடி, மேலே ஷீட்டு.
பிஸ்கட் டப்பாவில் நாற்பத்தொரு தாள்கள்.
முன்பக்கம் ராசிபலன்.
மேஷம் வெற்றி, ரிஷபம் வரவு.
எனக்கும் யாழினிக்கும் மகரம்.
மகரத்துக்குப் பெரும்பாலும் ‘பொறுமை’.

அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனி
ஒரு வெள்ளிக்கிழமை ஷட்டரை இறக்கியது.
நாற்பத்திரண்டாவது தாள் கிழிபடவில்லை.
அதற்கடுத்ததும்.
‘அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க’ என்றேன்.
‘அது எம் பொண்ணு பிரசவத்துக்கே போயிடுச்சும்மா.’
அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.
அந்தக் குழந்தையை நான் தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன்.

காலி என்பது எங்கள் வீட்டில் புழங்குகிற சொல்தான்:
சிலிண்டர் காலி, ஷாம்பு காலி, ரீசார்ஜ் காலி.
‘வீட்டக் காலி பண்ணிடும்மா’ என்று
அவர் சொன்னபோதுதான்
அதற்குள் நாங்களும் அடங்குவோம் என்று தெரிந்தது.

மறுநாள் மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டு.

பக்கத்து மாடி நூர்ஜஹான் எதுவும் கேட்கவில்லை.
ராத்திரி பத்து மணிக்கு மேல்,
அவளுடைய ஓனர் தூங்கிய பிறகு,
கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம்
பச்சை டியூபைத் தூக்கிப் போட்டாள்.
குடம் நிறையும்போது மெதுவாகச் சொன்னாள்:
‘ஹைகோர்ட் காம்பவுண்டுல எலவசமா வக்கீல் வெப்பாங்க.
பொம்பளன்னா வருமானம் எவ்ளோன்னுகூட கேக்க மாட்டாங்களாம்.
என் நாத்தனா போயிருக்கா.’

மூன்று நாள் போகவில்லை.
புடவைதான் பிரச்சினை.
நல்லதைக் கட்டினால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.
நைந்ததைக் கட்டினால்
நானே நம்பிவிடுவேன்.

நாலாம் நாள் பீச் ஸ்டேஷனில் இறங்கி
டப்பாவைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
கறுப்புக் கோட்டுகளைக் கண்டாலே
ஒதுங்கி நின்று வழிவிட்டேன், எல்லாருக்கும்.

தமயந்தி என்ற அந்த வக்கீலுக்கு
என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும்.
எத்தனை மாதம் பாக்கி என்று ஆரம்பிப்பார் என நினைத்து
பதிலை ரயிலிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.
அவர் முதலில் கேட்டது:
‘குடிக்கத் தண்ணி வருதா?’

அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை.
அழுகைதான் இருந்தது.

தாள்களை மேசையில் பரப்பினோம்.
பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்தச் சொன்னார்.
இரண்டு பேரும் வியர்த்து வழிய
மாதம் மாதமாக அடுக்கினோம்.
‘இதவிட நல்ல ரசீது எனக்கு வந்ததில்ல’ என்றவர்
ஒன்றைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்:
‘பொறுமைன்னு போட்டிருக்கு. நமக்கு அவ்ளோ வேணாம்.’

கடிதம் போனது.
ஐந்தாம் நாள் ஏகாம்பரம் படியேறி வந்தார்,
கையில் பிரித்த கவர்.
‘கண்ணாடி கீழ இருக்கு, நீயே படிம்மா.’

அவருக்கு எதிராக எழுதியதை
அவருக்கே படித்துக் காட்டினேன்.
‘தண்ணீரைத் தடுப்பது’ என்ற வரியில் என் குரல் இறங்கியது.
‘ம்ம், படி’ என்றார்,
தரையைப் பார்த்தபடி.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை.
யாழினியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை இருக்கலாம்,
பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம்.
பாடியில் ஒரு தையல்கடையில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.
நாற்பத்திரண்டாவது தாள் வந்தது:
‘ரூ. 2,000 பெற்றேன். பாக்கி உண்டு.’
அவசரமாகக் கிழித்ததில் கீழ்மூலை
காலண்டரோடு நின்றுவிட்டது,
மகரமும் அதோடு.

விடியற்காலை மோட்டார் ஓடுகிற சத்தம்.
டியூபைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
துணி உதறிக்கொண்டிருந்த நூர்ஜஹான்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
‘அங்கயே கெடக்கட்டும்’ என்றாள்.