இருபது தொன் வரைக்கும்

சம்மாந்துறை, ஆலையடி எடைப்பாலம்.
பெரும்போக அறுவடை, இரவு பதினொன்றரை.
பகலில் நான் பௌதிகத்துக்குத் தற்காலிக விரிவுரையாளர்,
இரவில் மச்சானின் தராசுக்கு எழுத்துக்காரி.
தகரப் பலகையில் மஞ்சள் மை:
உச்சம் இருபது தொன்.

என் கொப்பியிலும் ஓர் உச்சம் கிடக்கிறது,
கரும்பொருளின் ஒற்றைத் துகள்
எவ்வளவு கனக்கலாம் என்று.

நிறுவல் சின்னது.
தொடக்கத்தில் எல்லாம் ஒரே உலையில் கொதித்தது.
துகளும் துகளும் முட்டி இரண்டுமே இல்லாமல் போயின.
பிறகு வெளி அகன்றது,
தேடினாலும் ஒன்றையொன்று காணாத தூரத்துக்கு.
முட்டத் தவறியவைதான் மிச்சம்.
கனம் கூடக் கூட முட்டும் வாய்ப்புச் சுருங்கும்,
நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது
எந்த அரசாங்கம் வந்தாலும்.
வாய்ப்புச் சுருங்கினால் மிச்சம் பெருகும்,
பெருகியிருந்தால் இந்த அண்டம்
இன்னும் பாரமாய் இருந்திருக்கும்.
இல்லையே. ஆகவே எல்லை:
ஒரு லட்சத்துச் சொச்சம் புரோத்தன்.

எட்டு வரி.
எனக்கு விளங்க மூன்று வருசம்.

உதுமாலெப்பைக் காக்கா லொறியை ஏற்றினார்.
பின்சில்லும் ஏறியதும் தகடு முனகியது.
இலக்கங்கள் ஓடின, தடுமாறின,
பிறகு
கோடு கோடு கோடு கோடு.

"என்ன புள்ள, ஒண்டும் காட்டுதில்ல?"
"கூடிப்போச்சு காக்கா.
இருபதுக்கு மேல இதுக்குத் தெரியாது."
"இதுக்குத் தெரியாட்டி
நெல்லு இல்லாமப் போகுமா?"

அவர் இருபது மூட்டை இறக்கப் போனார்,
திட்டிக்கொண்டே.
நான் கொப்பியின் முதல் வரியைப் பார்த்தேன்:
ஒரு காலத்தில் மற்றவற்றோடு சேர்ந்து வெந்திருந்தால்.

ஆல்.
என் எல்லை முழுவதும்
விழுதே விடாத இந்த ஆலில் தொங்குகிறது.

வேகாதது இருந்தால்?
உலைப்பக்கமே வராமல், எதோடும் முட்டாமல்,
வெளி திடீரென விரிந்த அந்த இழுப்பில்
சும்மா பிறந்துவிட்ட ஒன்று?
அதற்கு என் எட்டு வரி செல்லாது.
அது கனக்கலாம்
ஒரு நெல்மணியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை.
சிரிக்க வேண்டாம்,
ஒரு துகளுக்கு அது வானளவு.

மூட்டையின் எடை தெரியும் நமக்கு,
பால்வீதி சுழலும் வேகமே சொல்லிவிடும்.
மணியின் எடைதான் தெரியாது.
மணி சிறிதென்றால், என் எல்லைக்குள் என்றால்,
இந்தத் தகட்டை ஊடுருவி
நொடிக்கு ஒரு கோடிக்கு மேல் போகிறது.
அந்த வேகாத ராட்சதன் என்றால்
வருசத்துக்கு நாலோ ஐந்தோ.
பற்றுச்சீட்டின் முதுகில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.
நாலோ ஐந்தோதான்.

பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.
காக்கா ஒப்பமிட்டார், பேனையைக் கொண்டுபோய்விட்டார்.
தகடு வெறுமை. திரையில் பூச்சியம்.
கொஞ்ச நேரம் அந்தப் பூச்சியத்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்த வருசத்து நாலில் ஒன்று
இப்போது போயிருக்கலாம்,
காலடியில், சல்லிக்கல்லில், பூமியின் அந்தப் பக்கத்தால்,
யாரிடமும் துண்டு வாங்காமல்.

முதல் வரியை வெட்டவில்லை.
மேசை லாச்சியில் பென்சில் ஒன்று கிடந்தது,
'இருந்தால்' என்பதன் கீழே கோடிட்டேன்.
இரண்டாவது கோடு இழுக்க முதல்
வாசலில் அடுத்த லொறி ஹோர்ன் அடித்தது.