மறுவார்ப்பு

தூலூத். நவம்பர். இரவு பதினொன்றரை.
ஏழு லைனோடைப் எந்திரங்கள் இரையும் அறையில்
நிம்மதியாக இருப்பவன் நான் ஒருவன்தான்.

நான்கு வயதில் மூளைக்காய்ச்சல்.
செவிடர் பள்ளியில் அச்சுத்தொழிலுக்கு அனுப்பினார்கள்,
சத்தம் உன்னை என்ன செய்துவிடும் என்று.
சரிதான். சத்தம் என்னிடம் வருவது
பூட்ஸின் அடி வழியே.
பித்தளை அச்சு ஒன்று தடம் மாறி விழுந்தால்
காதுள்ளவர்கள் திரும்புவதற்குள்
என் குதிகாலுக்குத் தெரிந்துவிடும்.

ஃபோர்மேன் டுகன் என்னோடு பேசுவது பென்சிலால்.
அதிலும் கஞ்சம்:
"சீக்கிரம்." "எட்டுப் புள்ளி." "கதவை மூடு."
பதினோரு வருடத்தில் ஒரே ஒரு "நன்று."
அதையும் அடித்துவிட்டுப்
"பரவாயில்லை" என்று எழுதினான்.

இன்று வந்த தாளில் ஒரு தாதுக் கப்பல்,
சுப்பீரியர் ஏரி, இருபத்தாறு பெயர்கள்.
வழக்கமாகக் கண் படிக்கும், மனசு படிக்காது.
பதினேழாவது பெயரில் மனசும் படித்தது.
கோனல் டுகன், எண்ணெயிடுபவன்.
சனிக்கிழமைகளில் கடன் கேட்டு வருவானே, அந்தத் தம்பி.

அண்ணன்காரன் எனக்கு முதுகு காட்டி
யாருடனோ நின்றிருந்தான்.
தோள் குலுங்கியது.
சிரிப்பை நான் அப்படித்தான் அறிவேன்.

போய்ச் சொல்லலாம். எதைக் கொண்டு?
அடித்தேன்.
பித்தளைகள் இறங்கி வரிசையில் நின்றன.
பின்னாலிருந்து ஈயம் பாய்ந்தது.
தட்டில் விழுந்த வரியைச் சூடு ஆறுமுன் எடுத்துப்போய்
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

ஈயத்தில் எழுத்து இடவலம் மாறி நிற்கும்.
எங்கள் கண்ணுக்கு அது நேர்தான்.
விளக்கருகே பிடித்தான்.
தோள் நின்றது.

வெகுநேரம்.
பிறகு காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்துத்
தாளின் ஓரத்தில் எழுதினான்:
"கடைசியில் இரண்டு எல்.
அம்மா அப்படித்தான் எழுதுவாள்."

இந்த எந்திரத்தில் ஓர் எழுத்தைத் திருத்த முடியாது.
கையால் கோத்த காலமென்றால்
இடுக்கியால் ஓர் எல்லைச் செருகிவிட்டுப் போயிருப்பார்கள்.
எங்களுக்கு முழு வரியும் மறுபடி.
முழுப் பெயரும் மறுபடி.
மறுபடி ஈயம்.

வார்த்து முடித்ததும் நெடுங்கை இறங்கிப்
பித்தளைகளை மேலே தூக்கிப் போனது.
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பல்வரிசை.
பல் பிடி விடும் இடத்தில்தான் அதன் வீடு.
குதிகாலால் எண்ணிக்கொண்டிருந்தேன்.
புதிதாய்ச் சேர்ந்த எல் உட்பட
எல்லாம் வீடு திரும்பின.

ஒற்றை எல் இருந்த பழைய வரி
உருக்குப் பானைக்குப் போயாக வேண்டும். கணக்கு உண்டு.
டுகன் திருப்பித் தரவில்லை.
நானும் கை நீட்டவில்லை.
பதினெட்டாவது பெயரை அடித்தேன்.