ஐந்து சென்

எல்லோரும் பேக்கேஜ் என்பதை
மனசுக்குள் நான் பொட்டலம் என்பேன்.
பீச் ஸ்ட்ரீட் மூன்றாம் மாடியில்
இதைச் சொல்லிச் சிரிக்கத் தமிழ் ஆள் இல்லை.

ஏழு பொட்டலம் எங்கள் பார்க்கிங் செயலி:
வண்டி, நேரம், கட்டணம், பணப்பை,
ரசீது, அபராதம்,
அப்புறம் சில்லறை.
மூன்று சென் வந்தாலும் ஐந்தாக்கும்,
ஏழு சென் வந்தாலும் ஐந்தாக்கும்,
அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

சோதனைகள் எவ்வளவு தூரம் தொட்டிருக்கின்றன என்று
தியோ கேட்டார்.
எண்பத்தொரு விழுக்காடு என்றது திரை.
தாப்பாவ் மீயைத் தூக்கிக்கொண்டு
நிம்மதியாய் வீட்டுக்குப் போனார்.

எனக்கு உறுத்தியது.
ஒவ்வொரு பொட்டலமும் தன் வாசலில் நின்று
தன் வீட்டை மட்டும் எண்ணிச் சொன்ன கணக்கு அது.
சோதனையே இல்லாத மூன்றுக்குப்
பூஜ்யம்கூடப் போடவில்லை.
பள்ளிக்கு வராதவனை விட்டுவிட்டு
வகுப்புச் சராசரி போட்ட மாதிரி.

எந்தச் சோதனை எந்தப் பொட்டலத்துக்குள் நுழைந்தாலும்
எண்ணு என்று கட்டளையை மாற்றினேன்.
மடிக்கணினி இரைந்தது, சுட்டது.

ஐம்பத்து நான்கு.

ஆனால் சில்லறை முழுப் பச்சை!
தனக்கென்று ஒரு சோதனை இல்லாதது,
கட்டணம் கூப்பிட, ரசீது கூப்பிட, பணப்பை கூப்பிட,
நாலாயிரத்துச் சொச்சம் முறை
ஓடி ஓடிப் போயிருக்கிறது.
கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

பிறகு அபராதத்தைத் திறந்தேன்.
அபராதம் போடுவது பச்சை.
இரட்டிப்பாக்குவது பச்சை.
நினைவூட்டுக் கடிதம் நல்ல பச்சை.
பதினொரு வரி மட்டும் சிவப்பு:
தவறு எங்களுடையது என்றால்
பணத்தைத் திருப்பிக் கொடு.
ஐந்து வருடமாய்
யாருமே அந்தப் பக்கம் போனதில்லை.

எந்தப் புண்ணியவான் எழுதியது என்று பார்த்தேன்.
யோகமலர். இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
நான்தான்.

ஒரே ஒரு சோதனை எழுதினேன்.
இல்லாத ஒருத்தி, அவளுக்கு ஒரு ஹோண்டா,
தவறாய்ப் பிடித்த முப்பது வெள்ளி எட்டு சென்.
முப்பது வெள்ளி பத்து வர வேண்டும்.
முப்பது வெள்ளி ஐந்து வந்தது.

தேடிக்கொண்டே போனால், சில்லறை.
எட்டையும் ஐந்தாக்குகிறது.
நாலாயிரம் முறை அதன் வழியே போனவர்களில்
கையில் வந்த காசை
ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சோதனை தோற்றது.
விழுக்காடு ஐம்பத்தைந்தாக ஏறியது.

கடைசி ஃபெரியில் காற்று உப்பாய் இருந்தது.
பதினாறு வருடமாய்த் தினம் இரண்டு தடவை
இந்தக் கடலை இக்கரைக்கும் அக்கரைக்கும்
முழுசாய்க் கடக்கிறேன்.
நீந்தத் தெரியாது.

பட்டர்வொர்த் விளக்குகள் நெருங்கும்போது
தியோவின் செய்தி:
திங்கட்கிழமைக்கு எண்பத்தொன்று என்றே போட்டுவிடலாம்தானே?

ஐந்து சென் பாக்கி இருக்கிறது
என்று அனுப்பினேன்.